குமுதா அக்காவின் மூணாம் நம்பர்

குனோங் ராபாட்டுல எங்க தாமான் குடியிருப்புல யாரு வீட்டு ஜன்னல் கண்ணாடியாவது பளிச்சுன்னு இருந்தா, அது குமுதா அக்கா கைபட்ட வீடுன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லிடலாம். இங்க கண்ணாடிய சுத்தமா வச்சிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. சுத்திலும் சுண்ணாம்பு மலை. அதுல பாதிய வெட்டி லாரியில ஏத்திக்கிட்டே இருக்கானுங்க. அந்தத் தூசி வந்து உக்காரும், மேல மழை பேயும், அப்புறம் வெயில் அடிக்கும், அவ்வளவுதான், வெள்ளை வெள்ளையாத் திட்டு பிடிச்சிக்கும். கடையில விக்கிற நீலத் தண்ணிய என்னதான் பீச்சி அடிச்சாலும் போகாது. அக்கா அந்தப் போத்தலப் பாத்தாலே மூக்கைச் சுளிக்கும். கலர் தண்ணிக்குக் காசு குடுக்குறாளுங்க பாருன்னு சொல்லும்.

நான் விமலா. அக்காகூட ஒம்பது வருசமா வேலை செய்யிறேன். மோட்டார் சைக்கிள் என்னோடது, கைவேலை அதோடது. எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும், பொறுமைங்கிறது மருந்துக்கும் கிடையாது. இப்பவே சொல்லிடுறேன், ஏன்னா நான் செஞ்ச தப்பு அதனால வந்ததுதான்.

அக்காகிட்ட மூணு நம்பர் இருக்கு. ஒண்ணாம் நம்பர், வெள்ளை வினிகர் பாதி, கொதிக்க வச்சி ஆறுன தண்ணி பாதி, பாத்திரம் கழுவுற சவுக்காரம் ஒரே ஒரு சொட்டு. ரெண்டு சொட்டு விட்டா கோடு கோடா நிக்கும். ரெண்டாம் நம்பர் எண்ணெய்ப் பிசுக்குக்கு. மருந்துக் கடை ஸ்பிரிட்டு, தண்ணி, ஒரு கரண்டி சோள மாவு, மாவு அடியில தங்கிடும்னு ஒவ்வொரு தரமும் குலுக்கணும். மூணாம் நம்பர்தான் சுண்ணாம்புத் திட்டுக்கு. மீன் சுடுற கடையிலேருந்து கரிச் சாம்பல் அள்ளிட்டு வந்து, மெல்லிசுத் துணியில ரெண்டு தரம் சலிச்சி, லீமாவ் கஸ்தூரிங்கிற குட்டி எலுமிச்சைச் சாறுல குழைச்சி, விரல் நுனியால வட்டமாத் தேய்க்கிறது. அழுத்தித் தேய்ச்சா கீறல் விழும். சாம்பல் விசயத்துல அக்கா பெரிய ஆளு. ஒரு சிட்டிகை எடுத்து விரல்ல நெருடிப் பாத்து, இது கித்தா ரப்பர் கட்டை, இது தேங்கா மட்டை, இது கோல சிப்பித்தாங் சதுப்பு மரக் கரின்னு பிரிச்சிச் சொல்லிடும்.

முகம் பாக்குற கண்ணாடின்னா அதுக்குத் தனிச் சட்டம். நேரா பீச்சக் கூடாது, துணியில நனைச்சித்தான் துடைக்கணும். ஓரத்துல ஈரம் இறங்குனா பின்னால இருக்குற ரசம் கருத்துப் போயிடும். கடைசியில கண்ணாடிய காய விட்டு, பேப்பரக் கசக்கித் துடைக்கணும். அதுவும் சீனப் பேப்பர். தமிழ்ப் பேப்பர் மை கையில ஒட்டுதுன்னு அக்காவுக்கு ஒரு குறை. மொத்தத்துல எவ்வளவு கம்மியாத் தண்ணி படுதோ அவ்வளவு நல்ல வேலைன்னு சொல்லும்.

இந்தத் தண்ணிக் கஞ்சத்தனம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா, அதோட வீட்டுக்காரரு மகேந்திரன் அண்ணேகிட்டேருந்து வந்துச்சு. அக்கா பொறந்தது சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு கித்தா தோட்டத்துல. ஆறு வருசம் பாலுக்காக மரம் வெட்டியிருக்கு. தோட்டத்த வித்து, லயத்து வீடுங்கள இடிச்சி, கித்தாவப் பிடுங்கி எண்ணெய்ச் செம்பனை வச்சப்ப, இங்க வந்துட்டாங்க. அண்ணே கல்லு மலையில லாரி ஓட்டுனாரு. ஆறடி ஆளு. ஆனா தண்ணின்னா உயிரே போயிடும் அவருக்கு. சின்ன வயசுல அவரு கண்ணு முன்னாலயே அவரோட கூடப் பொறந்த அக்கா, ஈயம் தோண்டுன குட்டையில வழுக்கி விழுந்து முங்கிப் போயிடுச்சாம், கங்கோங் கீரை பறிக்கப் போன இடத்துல. அன்னையிலேருந்து குட்டை, ஆறு, கடல் எதுகிட்டயும் போக மாட்டாரு. வாளியில மொண்டு குளிக்கிறதுதான், ஷவருக்குக் கீழ தலைய நீட்டுனதே இல்ல. லாரிக் கண்ணாடிய ஓஸ் பைப்பு பிடிச்சிக் கழுவுறதுகூட ஆகாது. அதனால அக்காவே சாம்பலும் ஈரத் துணியுமா வச்சித் துடைச்சிக் குடுத்துச்சு. அப்படித் தொடங்குன தொழில்தான் இது.

போன வருசம் சித்திரையில அண்ணே லாரியில உக்காந்த மேனிக்கே போயிட்டாரு. நெஞ்சு வலி. பேசுறதுக்கு முன்னால ரெண்டு தரம் தொண்டையைச் செருமுவாரு, கல்லுத் தூசி பண்ணுன வேலை. அந்தச் செருமல்தான் இன்னும் என் காதுல இருக்கு. அக்கா அழுதுச்சு, கருமாதி முடிஞ்ச மறுநாளே வேலைக்கு வந்துச்சு.

இந்த வருசம் பங்குனியில அக்காவுக்கு டெங்கி காய்ச்சல். அந்த வாரம் டோரிஸ் டீச்சர் வீட்டு முறை. டீச்சர் ரிட்டையராகி தனியா இருக்காங்க, மகன் கோலின் சிங்கப்பூர்ல. அவங்க வீட்டு ஹால்ல ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி நிக்கும். ஒரு தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணியா இருந்த அவங்க அப்பா வெள்ளைக்காரத் தொரை பங்களா சாமான ஏலம் விட்டப்ப எடுத்தது. தேக்குச் சட்டம் முழுக்கப் பூவும் இலையுமா செதுக்கியிருக்கும். ஜன்னலோரமா நிக்கிறதால சாரல் அடிச்சி அதுலயும் சுண்ணாம்புத் திட்டு. மூணாம் நம்பர் இல்லாம ஆகாது.

நான் அக்கா வீட்டு ஸ்டோர்ல போய் சாம்பல் வைக்கிற பிஸ்கட் டின்னத் திறந்தா, கோசோங், ஒண்ணுமே இல்ல. அக்கா உள்ள அனத்திக்கிட்டுப் படுத்திருக்கு. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. மேல் தட்டுல பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால ஒரு பச்சை மைலோ டின் இருந்துச்சு. மூடியச் சுத்தி டேப்பு. பிச்சிப் பாத்தேன், ஒரு கைப்பிடி சாம்பல், நல்ல வெள்ளையா. எனக்குத் தெரியாம நல்ல சரக்க ஒளிச்சி வச்சிருக்கு பாருன்னு எனக்குக் கோவம் வேற வந்துச்சு. அப்படியே டின்னோட எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

டீச்சர் வீட்டுப் போர்ச்சுல உக்காந்து சலிச்சேன். துணியில பொருக்கு நிறைய நின்னுச்சு, கிளிஞ்சல் உடைஞ்ச மாதிரி. அதை வாசல் கால்வாயில உதறி, மேல ஒரு வாளித் தண்ணிய ஊத்தி விட்டேன். மாவ லீமாவ் சாறுல குழைச்சி கண்ணாடியத் தேய்ச்சேன். என்னா வேலை தெரியுமா. ஒரே தேய்ப்புல திட்டெல்லாம் கழண்டு வந்துச்சு. டீச்சர் பத்து வயசு குறைஞ்சி தெரியிறேன்னு சிரிச்சாங்க. துணியெல்லாம் பைப்புல அலசிப் பிழிஞ்சிட்டு, வெறும் டின்ன அக்கா வீட்டுத் தட்டுல பழையபடி வச்சேன். பிறகு ரொப்பி வச்சிக்கலாம்னு நினைச்சேன்.

நாலு நாள் கழிச்சி டீச்சர் போன் அடிச்சாங்க. கண்ணாடியில பனி படியுதுன்னாங்க. பங்குனி வெயில், மதியம் பன்னெண்டு மணி, ரோட்டுல தார் உருகுது, எங்கேருந்து வரும் பனி? வயசாயிடுச்சு, கண்ணு மங்குதுன்னு மனசுல திட்டிக்கிட்டே போனேன். போய்ப் பாத்தா நிஜமாவே இருக்கு. கண்ணாடியில ஒரே ஒரு இடத்துல, உள்ளங்கை அகலத்துக்கு, ஆவி அடிச்ச மாதிரி வட்டம். என் தலைக்கு மேல ஒரு சாண் உயரத்துல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், அது கொஞ்சம் சுருங்குச்சு, திரும்ப விரிஞ்சிச்சு. யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கில்லன்னு டீச்சர் மெதுவாக் கேட்டாங்க. அவங்களுக்குப் பயமே இல்ல.

ஈரத் துணியில துடைச்சேன். வட்டம் போகல, பெரிசாச்சு. ஒண்ணாம் நம்பர் போட்டேன், இன்னும் பெரிசாச்சு. ரெண்டாம் நம்பரையும் போட்டேன். வட்டத்துலேருந்து தண்ணி ஒரு கோடா இறங்கி வழிய ஆரம்பிச்சிடுச்சு. ஓரத்துல ஈரம் இறங்கியிருக்கும், காஞ்சா சரியாயிடும்னு டீச்சர்கிட்ட அளந்து விட்டுட்டு மோட்டார எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டேன்.

அன்னைக்கு சாயந்திரம் அக்காவப் பாக்கப் போனேன். காய்ச்சல் விட்டு, சுவத்துல சாஞ்சி கஞ்சி குடிச்சிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் கஞ்சிக் கோப்பையக் கீழ வச்சிட்டு சொல்லுச்சு.

"விமலா, ஸ்டோர்ல மேல் தட்டுல ஒரு பச்சை டின் இருக்கு. அதுல அவரு இருக்காரு."

அக்கா சொல்லிக்கிட்டே போச்சு. அண்ணே சாகுறதுக்கு முன்னால பல தடவை சொல்லியிருக்காரு, என்னைய மட்டும் தண்ணியில விட்டுடாத, எங்கயாவது காஞ்ச மண்ணுல போடுன்னு. ஆனா அவரோட அண்ணன் உடையப்பன் ஒத்துக்கல. கடல்ல கரைக்காம விட்டா என் தம்பி ஆத்மா அலையும், சாம்பலை வீட்டுல வச்சா குடும்பமே நாசமாப் போயிடும்னு சத்தம் போட்டிருக்காரு. லூமுட் கடல்ல படகு ஏறுறதுக்கு முன்னால அக்கா முந்தானையில ஒரு கைப்பிடி முடிஞ்சிக்கிச்சு. உடையப்பன் கண்ணுல படாம இருக்க சாம்பலோட சாம்பலா ஸ்டோர்ல வச்சிருச்சு. முதல் வருசத் திதி வரைக்கும் திறக்கிறதில்லன்னு சத்தியம். அன்னைக்கு என் மோட்டார்ல பழைய தோட்டத்துக்குப் போய், மலை அடிவாரத்துல பாறை குடை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற இடத்துல, மழையே படாத மண்ணுல, புதைக்கணுமாம். திதிக்குப் பதினெட்டு நாள் இருந்துச்சு.

"அவருக்குன்னு நான் காப்பாத்தி வச்சது அந்த ஒரு கைப்பிடிதான்," அப்படின்னுச்சு. பிறகு ஸ்டோர் பக்கம் பாத்துக்கிட்டே, காய்ச்சலுக்கு முன்னாலெல்லாம் அங்க அவரு தொண்டையைச் செருமுற மாதிரி இருக்கும், இப்ப ஒரு சத்தமும் இல்ல, வீடே வெறிச்சுன்னு இருக்குன்னு சொல்லுச்சு.

அங்கயே காலுல விழுந்து சொல்லியிருக்கணும். ஒம்பது வருசப் பழக்கம், கூடப் பொறந்த பொறப்பு மாதிரி. சொன்னா இத்தோட போச்சுன்னு பயந்துட்டேன். அந்தப் பயத்துல இன்னொரு கேவலமான வேலை செஞ்சேன். மீன் கடைச் சாம்பலை மூணு தரம் சலிச்சி, முட்டை ஓட்டை வறுத்து இடிச்சிக் கலந்து, வெள்ளையா வந்ததும் அந்த டின்னுல போட்டு மூடி, புது டேப்பு ஒட்டி வச்சேன். இடிக்கும்போது எனக்கே என் மேல அருவருப்பா இருந்துச்சு.

டீச்சர் வீட்டுக்கு நடுவுல ரெண்டு தடவை போனேன். வட்டம் அங்கயேதான் இருந்துச்சு. இப்ப அது யாரு உயரம்னு எனக்குத் தெரியும். மதியத்துல சமையக்கட்டுல இருந்தா ஹால்ல யாரோ தொண்டையைச் செருமுற மாதிரி கேக்குது, ரெண்டு தரம், அப்புறம் பேச்சே இல்லன்னு டீச்சர் சொன்னாங்க. நான் கண்ணாடியப் பாக்காம ஜன்னலை மட்டும் துடைச்சிட்டு வந்தேன்.

திதி அன்னைக்குக் காலையில பூசை முடிச்சிக்கிட்டு கிளம்புனோம். அக்கா பின்னால உக்காந்து டின்ன மடியில வச்சிக்கிட்டு ஒரு கையால அணைச்சிக்கிச்சு. பழைய தோட்டத்துல இப்ப ஒரு லயமும் இல்ல, செம்பனைதான். மண் ரோடு முடியிற இடத்துல மோட்டார நிறுத்திட்டு நடந்தோம். பாறைக்குக் கீழ மண்ணு நிஜமாவே மாவு மாதிரி காஞ்சி கிடந்துச்சு. அக்கா கையாலேயே குழி தோண்டுச்சு. டேப்பு புதுசா இருக்கேன்னு ஒரு கணம் பாத்துச்சு. பிறகு மூடியத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துச்சு. விரல்ல நெருடுச்சு. மோந்து பாத்துச்சு.

"இது மீன் கடைச் சாம்பல்," அப்படின்னுச்சு. குரல் ஏறவே இல்ல. கொஞ்ச நேரம் விரலைப் பாத்துக்கிட்டே இருந்துட்டு என் பக்கம் திரும்புச்சு.

"எந்தக் கண்ணாடியில விமலா?"

உடைஞ்சி அழுதுட்டேன். எல்லாத்தையும் சொன்னேன், பிஸ்கட் டின்னு காலியா இருந்தது, கேக்காம எடுத்தது, டீச்சர் வீட்டுக் கண்ணாடி, அந்த வட்டம், முட்டை ஓடு, எல்லாம். அக்கா அடிக்கல, ஏசல. அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். சலிச்சப்ப நின்ன பொருக்கை என்ன செஞ்சேன்னு மட்டும் கேட்டுச்சு. அது எலும்பு. அந்த இடத்துல நான் பொய் சொல்லிட்டேன். டீச்சர் வீட்டு வேலியோரமா காஞ்ச மண்ணுல கொட்டுனேன்னு சொன்னேன். அக்கா கண்ண மூடிக்கிட்டு ஒரு பெரிய மூச்சு விட்டுச்சு. அதுவாவது காஞ்ச மண்ணுக்குப் போச்சேன்னு சொல்லிட்டு, தோண்டுன குழிய வெறுமனே மூடுச்சு.

அங்கேருந்து நேரா டீச்சர் வீட்டுக்குப் போனோம். அக்கா ஒண்ணையும் மறைக்காம டீச்சர்கிட்ட சொல்லுச்சு. டீச்சர், எங்க சர்ச்சுலயும் வருசத்துல ஒரு நாள் நெத்தியில சாம்பல் பூசுவாங்க குமுதா, சாம்பலைப் பாத்து நான் பயப்படல, அவரு இங்கயே இருக்கட்டும்னாங்க. அக்கா கண்ணாடி முன்னால போய் நின்னுச்சு. சட்டத்துல செதுக்குன பூ இடுக்குல நகத்தை விட்டு எடுத்துச்சு, நுனியில வெள்ளையாக் கொஞ்சம் மாவு. அதை நெருடிப் பாத்துட்டு திரும்ப அந்தப் பூவுக்குள்ளயே வச்சிருச்சு. பிறகு காஞ்ச துணிய மட்டும் எடுத்து, எட்டி அந்த வட்டத்தைத் துடைச்சிச்சு. ஒரே துடைப்புல போயிடுச்சு. நான் போட்ட மூணு ஈரத்துக்கும் போகாதது.

அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அக்கா வந்து அந்தக் கண்ணாடிய ஒரு சொட்டுத் தண்ணி படாம துடைக்கும். காஞ்ச துணி, காஞ்ச பேப்பர், அவ்வளவுதான். துடைக்கும்போது வாய்க்குள்ள என்னமோ பேசும். என்கிட்டயும் பழையபடி பேச ஆரம்பிச்சிச்சு, மோட்டார்ல பின்னால உக்காந்து என் தோளைப் பிடிச்சிக்கிச்சு. மன்னிச்சிருச்சுன்னுதான் நினைக்கிறேன். ஆனா நான் அந்தக் கண்ணாடிப் பக்கம் போனா மட்டும் வட்டம் வரும். மெதுவா, என் தலைக்கு மேல. ரெண்டு எட்டு பின்னால வந்தா மறைஞ்சிடும். அதனால நான் வெளி ஜன்னலோட நின்னுக்குவேன்.

மூணாவது வெள்ளிக்கிழமை அக்காவுக்கு கை வலி. மேல எட்டல, நீ கொஞ்சம் துடைச்சி விடு விமலான்னுச்சு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது? காஞ்ச துணியோடதான் போனேன். கை வைக்கிறதுக்கு முன்னாலயே வட்டம் வந்திடுச்சு. துணி பட்டதும் அதுலேருந்து தண்ணி இறங்குச்சு, ஒரு கோடு, கண்ணாடி முழுக்க, சட்டத்தைத் தாண்டி தரைக்கு. தரையில நிக்கல. டீச்சர் வீட்டு மார்பிள்ல விரல் அகலத்துக்கு ஓடிச்சு, வாசப்படிய தாண்டிச்சு, போர்ச்சுல நான் அன்னைக்கு உக்காந்து சலிச்ச இடத்தைச் சுத்திக்கிட்டு, நேரா கால்வாய்க்குள்ள சொட்டுச்சு. வேலியோரம் இருந்த காஞ்ச மண்ணுப் பக்கம் திரும்பக்கூட இல்ல.

அக்கா அந்தத் தண்ணி போன வழியவே பாத்துக்கிட்டு பின்னாலயே நடந்துச்சு. கால்வாய் விளிம்புல குத்த வச்சி உக்காந்துச்சு. முதல் நாள் பேஞ்ச மழைத் தண்ணி அதுல இன்னும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கையை உள்ள விட்டு, அடியில தடவித் தடவிப் பாத்துச்சு. ஒண்ணும் கிடைக்கல. ஈரக் கையை முந்தானையில துடைச்சிக்கிட்டே, என்னையப் பாக்காம சொல்லுச்சு.

"அவரு தண்ணின்னா ரொம்ப பயப்படுவாரு விமலா."

நான் துணியக் கையில பிடிச்சிக்கிட்டு வாசப்படியிலயே நின்னேன்.